டயல்-அப் போதுமா, வேறு எது மலிவு? வீட்டுக்கு நெட் வாங்கப்போகிறவருக்கு ஒரு பதில்

கேள்வி இது: வீட்டில் மூன்று பேர். மின்னஞ்சல், செய்தி, பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு, வாரத்தில் ஒன்றிரண்டு படம். பழைய லேண்ட்லைன் ஒன்று சும்மா கிடக்கிறது. அதிலேயே டயல்-அப் (போன் கால் போட்டு நெட்டில் இணையும் பழைய முறை) போட்டுக்கொண்டால் மலிவாக முடியுமா, இல்லை வேறு ஏதாவது குறைந்த செலவில் ஒத்துவருமா? அந்த லேண்ட்லைனை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுத்துவிடுவதா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். டயல்-அப் வேண்டாம். பார்த்தால் மலிவு மாதிரி இருக்கும். கணக்குப் போட்டால் இல்லை, பிள்ளையின் வகுப்பு அதில் நடக்கவே நடக்காது. உங்கள் தெருவுக்கு ஃபைபர் (ஒளியிழை இணைப்பு) வந்திருந்தால் அதில் இருக்கும் ஆகக் குறைந்த பிளானை எடுங்கள். வரவில்லை என்றால் அந்த லேண்ட்லைன் கம்பியிலேயே டிஎஸ்எல் (போனோடு சேர்ந்தே ஓடும் நெட்) கிடைக்குமா என்று கேளுங்கள். கூடவே மொபைல் நெட்டை ஒரு மாதம் வீட்டில் ஓட்டிப் பாருங்கள். செயற்கைக்கோள் கடைசிப் புகலிடம். பதில் இவ்வளவுதான். காரணம் தெரிந்தால் விற்க வருகிறவரிடம் தைரியமாகப் பேசலாம் என்பதால் மீதியையும் எழுதுகிறேன்.

டயல்-அப்பிலிருந்தே தொடங்குகிறேன். தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையான ஒலி போய்ச் சேர்ந்தால் பேசுவது யார், என்ன சொல்கிறார் என்று புரிந்துவிடும். அதனால் அந்த எல்லையோடு நிறுத்திவிட்டார்கள். மோடம் செய்யும் வேலை, கணினியின் தரவை அந்த எல்லைக்குள் அடங்கும் சத்தமாக மாற்றி, சாதாரண போன் காலாக எதிர்முனைக்கு அனுப்புவது. இணைப்பு கிடைக்கும்போது கேட்குமே ஒரு கீச்சலும் இரைச்சலும், அது இரண்டு மோடங்களும் 'கம்பி எவ்வளவு சுத்தம், எந்த வேகத்தில் பேசிக்கொள்ளலாம்' என்று பேரம் பேசும் சத்தம். எதிர்முனை எடுத்ததும் வரும் நீண்ட ஊதல் 2,100 ஹெர்ட்ஸ். நடுவழியில் எதிரொலியை அடக்கும் கருவி ஏதாவது இருந்தால் அது ஒதுங்கிக்கொள்ளட்டும் என்பதற்கான சமிக்ஞை அது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இன்றைக்கும் அது ஒருவித இசைதான். ஆனால் ஏக்கம் வேறு, மாதச் செலவு வேறு.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சு குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதிக்கொள்கிறது. ஆக ஒரு காலின் மொத்தக் கொள்ளளவே விநாடிக்கு 64 கிலோபிட். அதில் 7 பிட்டைத்தான் நம்பிப் பயன்படுத்த முடியும் என்பதால் வந்த எண்தான் 56 கே, அதாவது விநாடிக்கு 56 கிலோபிட். 1998இல் வந்த வி.90 தரம் அதுதான். அதற்குமேல் எந்த மோடமும் ஏற முடியாது, ஏறவும் இல்லை. அதுவும் இறங்கும் திசையில் மட்டும். ஏறும் திசையில் வி.90இன் உச்சம் 33.6 கே. கம்பி பழசாக இருந்தால் 40 கே கிடைத்தாலே அதிர்ஷ்டம் என்று இருந்தோம்.

இதை நேரமாக மாற்றிப் பாருங்கள். நல்ல நாளில் டயல்-அப் விநாடிக்கு 5 கிலோபைட் (8 பிட் ஒரு பைட்) கொடுக்கும். இன்றைய வலைப்பக்கம் ஒன்று படமும் விளம்பரமும் நிரலுமாகச் சேர்ந்து இரண்டு, இரண்டரை மெகாபைட் இருப்பது சர்வசாதாரணம். இரண்டரை மெகாபைட்டுக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அது முழுதாக வந்தால்தான்; பாதியிலேயே 'நேரம் கடந்துவிட்டது' என்று எதிர்முனை சர்வர் கைகழுவிவிடும். போனில் எடுத்த 4 மெகாபைட் படத்தை யாருக்காவது அனுப்ப 16, 17 நிமிடம். கணினிக்கு 1 ஜிகாபைட் அப்டேட் வந்தால் 55 மணி நேரம், அதாவது இரண்டு பகல் இரண்டு இரவுக்கு மேல், போனை யாரும் தொடாமல் இருந்தால். நான் ஒருமுறை வேலைக்கான விண்ணப்பத்தை அனுப்பிக்கொண்டிருந்தபோது அடுத்த அறையில் யாரோ ரிசீவரை எடுத்து 'ஹலோ' என்றார்கள். அத்தோடு இணைப்பு போச்சு. மறுபடி டயல் செய்தால் அரை மணி நேரம் எங்கேஜ்டு.

மலிவு என்ற பேச்சுக்கு வருவோம். டயல்-அப் சந்தா குறைவாக இருக்கலாம், சில சமயம் இலவசமாகக்கூட இருக்கலாம். ஆனால் இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஒரு போன் கால். லோக்கல் காலுக்கு நிமிடக் கணக்கில் காசு வாங்கும் இடங்களில், தினம் ஒரு மணி நேரம் என்றாலே மாதத்துக்கு 1,800 நிமிடம். உங்கள் லேண்ட்லைன் பில்லில் இருக்கும் நிமிடக் கட்டணத்தால் அதைப் பெருக்கி, லைனின் மாத வாடகையையும் சேர்த்துப் பாருங்கள். அந்த 30 மணி நேரத்தில் இறங்கக்கூடிய மொத்தத் தரவு அரை ஜிகாபைட்டை ஒட்டித்தான் வரும். ஒரு மெகாபைட்டுக்கு என்ன விலை என்று பார்த்தால் டயல்-அப்பைவிட விலை உயர்ந்த இணைப்பைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் லேண்ட்லைன் இன்னும் உண்மையான செம்புக் கம்பியா என்று பாருங்கள். பல இடங்களில் போன் பழைய போன்தான், பின்னால் ஓடுவது இணையவழிக் குரல். குரலைச் சுருக்கி, துண்டு துண்டாக அனுப்பும் அந்த முறையில் மோடத்தின் சத்தம் சிதைந்துவிடும். இணைப்பு வராது, வந்தாலும் நிற்காது. செம்பையே எடுத்துவிடும் வேலையும் பல நாடுகளில் நடந்துகொண்டிருக்கிறது. டயல்-அப்பின் மறுபெயராகவே இருந்த ஏஓஎல் நிறுவனம், அமெரிக்காவில் 2025 செப்டம்பர் 30ஆம் தேதியோடு அந்தச் சேவையை நிறுத்திவிட்டது. புதிதாக இதில் நுழைய இது நேரமில்லை.

சரி, வேறு எதுவுமே கிடைக்காத இடத்தில் இருக்கிறவர் என்ன செய்வது? மின்னஞ்சலுக்கு மட்டும் என்றால் டயல்-அப் இன்றும் வேலை செய்யும். கடிதங்களை இறக்கிக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படித்துப் பதில் எழுதி, மறுபடி ஒரு நிமிடம் இணைந்து அனுப்பிவிடலாம். அதற்கு பிரவுசரில் மெயில் பார்ப்பதை விட்டுவிட்டு, கணினியிலேயே மெயில் மென்பொருள் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். தானாக ஓடும் அப்டேட், படங்களைக் கிளவுடுக்கு (இணையச் சேமிப்புக்கு) அனுப்பும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். லிங்க்ஸ் போன்ற எழுத்து மட்டும் காட்டும் பிரவுசரில் சில செய்தித் தளங்கள் இன்னும் படிக்கக் கிடைக்கின்றன. கால் வெயிட்டிங் இருந்தால் அதை நிறுத்துங்கள். நடுவில் வரும் அந்த 'பீப்' இணைப்பை அறுத்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், டயல்-அப் வேகத்தை இன்றைக்கும் நிறையப் பேர் தெரியாமலே அனுபவிக்கிறார்கள். 'அன்லிமிடெட்' மொபைல் பிளானில் அன்றைய டேட்டா தீர்ந்ததும் வேகம் குறைக்கப்படும் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்களே, அந்தக் குறைந்த வேகம் சில பிளான்களில் 64 கிலோபிட். அதாவது டயல்-அப்பைவிட ஒரு முழம் அதிகம். டயல்-அப்பில் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், டேட்டா தீர்ந்த போனை வைத்துக்கொண்டு ஒரு நாள் வேலை செய்து பாருங்கள்.

இனி வேகத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விளம்பரத்தில் போடுவது எம்பிபிஎஸ். டாக்டர் படிப்பு இல்லை. விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்று பொருள். கோப்பின் அளவு காட்டப்படுவது மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் கோப்பு விநாடிக்கு 12.5 மெகாபைட் வீதம்தான் இறங்கும். 'நூறு என்றார்களே, பன்னிரண்டுதானே வருகிறது' என்று கோபத்தோடு போன் செய்கிறவர்கள் உண்டு. கம்பெனி ஏமாற்றவில்லை, எட்டால் வகுக்க மறந்துவிட்டோம்.

உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்? ஹெச்டி படம் ஒன்றுக்கு 5 எம்பிபிஎஸ் போதும். அதைவிடத் துல்லியமான 4கே படம் என்றால் 15. வீடியோ வகுப்புக்கு இரண்டு திசையிலும் 2, 3 இருந்தால் தாராளம். குரல் மட்டும் பேசுவதற்கு 0.1 போதும். பாட்டு, மெயில், செய்தி எல்லாம் கணக்கிலேயே வராத அளவு. ஒரே நேரத்தில் ஒருவர் படம் பார்க்கிறார், பிள்ளைக்கு வகுப்பு, மூன்றாமவர் போனை நோண்டிக்கொண்டிருக்கிறார், பின்னணியில் ஏதோ அப்டேட் ஓடுகிறது என்று வையுங்கள். எல்லாம் சேர்த்து 15, 20 வரும். 30 எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைத்தால் உங்கள் மூன்று பேருக்கு ஒரு குறையும் இருக்காது. கடையில் உங்களுக்குக் காட்டுவதோ 300, 500, 1,000. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமே 2015இல் 25 எம்பிபிஎஸ் இருந்தால்தான் பிராட்பேண்ட் என்று வைத்திருந்த வரையறையை 2024இல் 100 ஆக்கியது. அது ஒரு நாட்டின் கட்டமைப்புக்கான இலக்கு. உங்கள் வீட்டுக் குழாயில் எவ்வளவு தண்ணீர் வரவேண்டும் என்பது குடும்பத்தைப் பொறுத்தது. ஊர்த் தொட்டி எவ்வளவு பெரியது என்பது வேறு விஷயம்.

வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அப்லோடு. விளம்பரத்தில் பெரிய எண்ணாக இருப்பது டவுன்லோடு மட்டும். பிள்ளை வகுப்பில் கேமராவை ஆன் செய்ததும் வெளியே போகவேண்டியது அப்லோடு வழியாகத்தான். அந்த வழி குறுகலாக இருந்து, அதே சமயம் யாருடைய போனாவது அன்றைக்கு எடுத்த படங்களை எல்லாம் மேலே ஏற்ற ஆரம்பித்தால், வகுப்பு திக்கித் திணறும். டவுன்லோடு 100 இருந்தும் 'டீச்சர், கேக்குதா, கேக்குதா' என்று கத்திக்கொண்டிருக்கும் வீடுகளில் பாதிக்கு இதுதான் காரணம் என்று சந்தேகப்படுகிறேன். படங்களை ஏற்றுவதை இரவுக்குத் தள்ளி வையுங்கள். காசு செலவில்லாமல் சரியாகிவிடும்.

எதன் வழியாக நெட் வருகிறது என்பதையும் பார்க்கலாம். ஃபைபரில் ஒளி போகிறது. தூரத்தால் வேகம் குறையாது, இடி மின்னலால் கம்பிவழி அடி வாங்காது. வீடுகளுக்குப் பரவலாகப் போடப்படும் ஜிபான் முறையில் ஒரு இழையில் கீழே 2.5 ஜிகாபிட், மேலே 1.25 ஜிகாபிட் போகும். அதை 32 அல்லது 64 வீடுகள் பங்குபோட்டுக்கொள்ளும். எல்லோரும் ஒரே விநாடியில் முழு வேகத்தில் இழுப்பதில்லை என்பதால் இந்தப் பங்கு பொதுவாக உறைக்காது. ஃபைபர் நிறுவனம் இழுத்து முடித்த தெருவில் கீழ்மட்டப் பிளானுக்கும் அதே இழை, அதே கருவி. வித்தியாசம் சாஃப்ட்வேரில் வைத்திருக்கும் வரம்பில்தான். ஆகவே விலை குறைந்த பிளான் என்றால் தரம் குறைந்த லைன் என்று நினைக்கவேண்டாம். பிறகு போதவில்லை என்றால் ஒரு போன் காலில் கூட்டிக்கொள்ளலாம். முதலிலேயே பெரிய பிளானை எடுத்தவர்கள் கீழே இறங்கக் கேட்டால்தான் நிறுவனங்களுக்குக் காது மந்தமாகிவிடுகிறது.

டிஎஸ்எல் ஓடுவது உங்கள் லேண்ட்லைன் கம்பியிலேயேதான். குரல் எல்லைக்கு மேலே இருக்கும் அதிர்வெண்களைப் பயன்படுத்துவதால் போனும் நெட்டும் ஒரே நேரத்தில் ஓடும். போனுக்கு முன்னால் ஒரு சின்ன ஃபில்டர் மாட்டினால் போதும். ஏடிஎஸ்எல்2+ என்ற வகையின் உச்சம் 24 எம்பிபிஎஸ். ஆனால் எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி நீள நீள அது கரையும். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டுக்கு 20 கிடைத்தால், நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவருக்கு அதில் சிறு பங்குதான். அப்லோடு ஒன்றை ஒட்டித்தான் இருக்கும். விற்பவர் 'அதிகபட்சம் 24 வரை' என்பார்; நீங்கள் 'என் வீட்டு லைனில் எவ்வளவு வரும், அளந்து சொல்லுங்கள்' என்று கேளுங்கள். லைனைச் சோதித்து ஏறக்குறைய சொல்ல அவர்களால் முடியும். 8, 10 நிலையாக வந்தால்கூட உங்கள் வீட்டுக்கு டிஎஸ்எல் ஒத்துவரும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் படம் பார்க்காமல் இருந்தால் சரி.

கேபிள் டிவிக் கம்பியில் வரும் நெட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேகம் நன்றாக இருக்கும். ஒரு பகுதி முழுக்க ஒரே கம்பியைப் பகிர்வதால் இரவு எட்டு மணி வாக்கில் படுத்துவிடும் வாய்ப்பு உண்டு, அப்லோடு குறைச்சல். அதே தெருவில் ஏற்கெனவே வைத்திருக்கிறவரிடம் 'ராத்திரி எப்படி?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

மொபைல் நெட்டை வீட்டு இணைப்பாக வைத்துக்கொள்வது பலருக்கு உண்மையிலேயே மலிவான வழி, குறிப்பாக வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு. கம்பி இல்லை, பொருத்தும் செலவு இல்லை, வீடு மாறினால் பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் எல்லாமே டேட்டா அளவில் மாட்டிக்கொள்ளும். 5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 2.25 ஜிகாபைட். தினம் இரண்டு மணி நேரம் ஹெச்டி பார்க்கிற குடும்பத்துக்கு மாதம் 130 ஜிகாபைட்டுக்கு மேல் படத்துக்கே போய்விடும். படத்தை 480பி தரத்தில் வைத்தால் அதில் பாதிக்கும் குறைவாகவே ஆகும்; சின்னத் திரையில் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியவும் செய்யாது. இந்த ஒரு செட்டிங்கை மாற்றியே கீழ்ப் பிளானுக்கு இறங்கியவர்களை எனக்குத் தெரியும். அப்புறம், போனிலிருந்து நாள் முழுக்க ஹாட்ஸ்பாட் கொடுக்கவேண்டாம். போன் சூடாகும், பேட்டரி சீக்கிரம் போய்விடும், போன் வெளியே போனால் வீட்டில் நெட்டும் வெளியே போய்விடும். சிம் போடும் சின்ன ரவுட்டர் ஒன்று வாங்கி, டவர் இருக்கும் பக்கத்து ஜன்னல் ஓரமாக வையுங்கள். வாங்குவதற்கு முன் அந்தந்த நிறுவன சிம் வைத்திருக்கும் நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, சாயங்கால நேரத்தில் அந்த ஜன்னலில் ஸ்பீடு டெஸ்ட் எடுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். பகல் பதினொரு மணிக்கு எல்லா டவரும் நன்றாகத்தான் இருக்கும்.

செயற்கைக்கோள் இரண்டு வகை. பழைய வகை பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் சுற்றுவது. கேள்வி மேலே போய்க் கீழே வந்து, பதிலும் அதேபோல் வரவேண்டும் என்பதால் நாலு தடவை அந்த உயரம். ஒளியின் வேகத்தில் போனாலும் ஏறக்குறைய அரை விநாடி ஆகிவிடும். படம் பார்க்கலாம், பேசினால் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் விழுவீர்கள். ஸ்டார்லிங்க் போன்ற புது வகை சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் அந்தத் தாமதம் இல்லை. ஆனால் கருவியின் விலையும் மாதச் சந்தாவும் 'மலிவு' என்று தொடங்கிய கேள்விக்குப் பொருந்தாது. கம்பியும் டவரும் எட்டாத இடத்துக்கு அது வரம். உங்களுக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

எந்த வழி என்று முடிவான பிறகுதான் காசு கரையும் இடமே வருகிறது. மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்து இணைப்பு வாங்குவது, பொண்ணு மாப்பிள்ளை போட்டோவை மட்டும் பார்த்துக் கல்யாணம் பேசுவது மாதிரி. இரண்டு வருடத்துக்கான மொத்தத்தை எழுதிப் பாருங்கள். ஒரு பிளானில் மாதம் 100 பங்கு, வேறு எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றில் முதல் ஆறு மாதம் 60, பிறகு 130; பொருத்த 200; ரவுட்டர் வாடகை மாதம் 10. முதல் பிளானுக்கு 24 மாதத்தில் 2,400. இரண்டாவதற்கு 360, 2,340, 200, 240 எல்லாம் சேர்த்து 3,140. '60 மட்டுமே' என்று கொட்டை எழுத்தில் போட்டது இரண்டாவதைத்தான். நானே ஒருமுறை இப்படி ஒரு அரைவிலைச் சலுகையில் சேர்ந்து, சலுகை முடிந்த தேதியை மறந்து, எட்டு மாதம் முழு விலைக்கு மேலேயே கட்டினேன். போன் செய்து கேட்டதும், ஒரு வார்த்தை வாதிடாமல் குறைத்தார்கள். கேட்காதவரைக்கும் அவர்களுக்கு லாபம். அன்றிலிருந்து சலுகை முடியும் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் போனில் அலாரம் வைத்துவிடுகிறேன்.

வரி சேர்த்தா சேர்க்காமலா, டெபாசிட் திரும்ப வருமா, நடுவில் விட்டால் அபராதம் உண்டா, ரவுட்டர் நமக்குச் சொந்தமா திருப்பித் தரவேண்டுமா, இத்தனை ஜிகாபைட்டுக்கு மேல் போனால் வேகம் எவ்வளவாகக் குறையும் என்று எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போச்சு. ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்பார்கள். நல்ல சலுகைதான், ஆனால் முதல் நாளே கட்டாதீர்கள். இரண்டு மாதம் மாதாமாதம் கட்டி, மழை நாளிலும் ஞாயிற்றுக்கிழமை இரவிலும் எப்படி இருக்கிறது, புகார் கொடுத்தால் எத்தனை நாளில் ஆள் வருகிறார் என்று பார்த்துவிட்டுப் பிறகு கட்டலாம்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கென்று சலுகைப் பிளான்கள் பல நாடுகளில் இருக்கின்றன. பிரிட்டனில் அரசு உதவித்தொகை பெறுகிறவர்களுக்குச் சமூகக் கட்டணம் என்ற வகை உண்டு. அமெரிக்காவில் லைஃப்லைன் திட்டம் 1985இலிருந்து இருக்கிறது. இவற்றை விளம்பரத்தில் தேடினால் கிடைக்காது, வாய் திறந்து கேட்டால்தான் சொல்வார்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொண்டு பாதிப் பணம் கொடுக்கலாமே என்று தோன்றலாம். பெரும்பாலான ஒப்பந்தங்கள் அதை அனுமதிப்பதில்லை. அவர்கள் வீட்டிலிருந்து ஏதாவது வில்லங்கம் நடந்தால் விசாரணை உங்கள் பெயருக்குத்தான் வரும். நான் செய்யமாட்டேன்.

இணைப்பு வந்ததும் வேகம் குறைவாகத் தெரிந்தால், பெரிய பிளானுக்குத் தாவுவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் போட்டு கணினியில் நேராக ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். அங்கே சரியாக வந்து, படுக்கையறையில் வரவில்லை என்றால் குற்றம் வைஃபையுடையது. பெரிய பிளான் எடுத்தாலும் அது மாறாது. ரவுட்டரை அழகுக்காக இரும்பு அலமாரிக்குள் வைத்துவிட்டு, நான் ஒரு வருடம் பெரிய பிளானுக்குக் காசு கட்டியிருக்கிறேன். வெளியே எடுத்து, வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில் வைத்த அன்றைக்கே பழைய பிளானுக்குத் திரும்பினேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சுவர் தாண்டிப் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இரண்டு சுவருக்கு அப்பால் சோர்ந்துவிடும். பிள்ளை வகுப்புக்கு உட்காரும் இடத்துக்கு ஒரு கேபிளே இழுத்துவிட்டால் வைஃபை பற்றிய கவலையே இல்லை.

வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்கவேண்டும், வீட்டில் சர்வர் வைக்கவேண்டும் என்ற எண்ணம் இருந்தால் மட்டும், பொது ஐபி முகவரி (வெளியிலிருந்து உங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க உதவும் தனி இணைய எண்) கிடைக்குமா என்று கேளுங்கள். முகவரிப் பற்றாக்குறையால் பல நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரியின் பின்னால் வைத்திருக்கின்றன. மற்றவர்களுக்கு இதனால் எந்தக் குறையும் தெரியாது.

கடைசியாக அந்த லேண்ட்லைன். செம்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வருகிறது. அதனால்தான் வீட்டில் கரண்ட் போனாலும் பழைய போன் மணி அடித்தது. ஃபைபரில் வருவது வெறும் ஒளி. கரண்ட் போனால் அதன் கருவியும் போகும், அதில் மாட்டிய போனும் போகும். வீட்டில் வயதானவர்கள் இருந்து, மொபைல் சிக்னலும் சுமார் என்றால், ஃபைபர் கருவிக்கும் ரவுட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்து, கரண்ட்டை அணைத்து எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்த்த பிறகு லைனைத் திருப்பிக் கொடுங்கள். மொபைல் நன்றாக எடுக்கிற வீடு என்றால், புது இணைப்பு ஒரு மாதம் ஒழுங்காக ஓடியதும் கொடுத்துவிடலாம். கொடுக்கும் முன் இரண்டு வேலை. வங்கி, மருத்துவமனை, பள்ளி என்று எங்கெல்லாம் அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பட்டியல் போட்டு மாற்றுங்கள். லைன் எடுக்கும்போது கட்டிய டெபாசிட் ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள், புது ரவுட்டருக்கு ஆகும் செலவில் ஒரு பகுதி அதிலிருந்தே வரலாம்.